பூட்டிய லேபும் புரியாத இங்கிலீஷும்

திட்டக்குடியில் பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளையிடம் ‘உனக்கு எந்தப் பாடம் பயம்?’ என்று கேட்டுப் பாருங்கள். திட்டக்குடி என்றில்லை, பெண்ணாடம், தொழுதூர், வேப்பூர், விருத்தாசலம் என்று எங்கே கேட்டாலும் பதில் அநேகமாக ஒன்றுதான். ‘இங்கிலீஷ் சார்!’

ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் இருக்கிறது. பத்து வருடம். பத்து வருடம் ஒருத்தர் தினமும் தவில் வாசித்தால் கோயில் திருவிழாவில் உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு வந்துவிடுவார். பத்து வருடம் இங்கிலீஷ் படித்த நம் பிள்ளைக்குத் தன் ஊரைப் பற்றி நாலு வாக்கியம் சொந்தமாகச் சொல்ல வரவில்லை என்றால் குற்றம் பிள்ளையிடமா, பாடத்திடமா?

நாம் இங்கிலீஷை ஒரு மொழியாகச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. வரலாறு மாதிரிதான் சொல்லிக்கொடுக்கிறோம். பாராகிராஃப் மனப்பாடம். எஸ்ஸே மனப்பாடம். அப்பாவுக்கு எழுதுகிற கடிதம்கூட மனப்பாடம். கைடில் உள்ள அப்பாவுக்கு டூர் போகப் பணம் கேட்டு எழுதிய கடிதத்தை நம்மூர்ப் பிள்ளையும் எழுதுகிறது. அந்தப் பிள்ளையின் அப்பா கரும்பு வெட்டப் போயிருக்கிறார். டூராவது, பணமாவது!

அதே பள்ளிக்கூடத்தில் இன்னொரு அறை இருக்கிறது. கம்ப்யூட்டர் லேப். 2019 முதல் தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் அதிகமான அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ‘ஹைடெக் லேப்’ வந்திருக்கிறது. அதற்கு முன்பே 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கி, கொரோனாக் காலத்தில் நின்றுபோவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைகளுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் இந்த அளவுக்குச் செய்யவில்லை. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் வந்த இயந்திரங்களை வைத்து என்ன செய்தோம்? பல பள்ளிகளில் அந்த லேப் ஆன்லைன் தேர்வுக்குத் திறக்கிறது, ‘எமிஸ்’ தளத்தில் தகவல் ஏற்றத் திறக்கிறது, அதிகாரி வந்தால் திறக்கிறது. மற்ற நேரத்தில் பூட்டு. ‘பசங்க தொட்டா கெட்டுப்போயிடும் சார்’ என்கிறார்கள். தொடாமலே வைத்திருந்தால் பசங்கள் கெட்டுப்போவார்களே, அதைப் பற்றிக் கவலை இல்லையா?

புரியாத இங்கிலீஷ், பூட்டிய லேப். இந்த இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து இருக்கிறது. இங்கிலீஷ் பீரியடில் பிள்ளைகளை லேபுக்கு அழைத்துப் போய், புரோகிராம் எழுதச் சொல்லுங்கள்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் நான் எதைச் சொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ‘ஆறு வயசுக் குழந்தை கோடிங் கத்துக்கிட்டா கோடீஸ்வரன் ஆகலாம்’ என்று கொரோனாக் காலத்தில் டி.வி.யைத் திறந்தால் விளம்பரம் வந்ததே, அதைச் சொல்லவில்லை. ஒயிட்ஹாட் ஜூனியர் என்ற அந்தக் கம்பெனியை 2020-ல் பைஜூஸ் 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம் இந்திய விளம்பரத் தர மன்றம் தலையிட்டு, அதன் விளம்பரங்கள் சிலவற்றை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2024-ல் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. பெற்றோரின் பயத்தை மூலதனமாக்கி நடந்த வியாபாரம் அது. அதற்கும் கல்விக்கும் சம்பந்தம் இல்லை.

புரோகிராமிங் படித்தாலே இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வராது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. ‘இஃப்’, ‘எல்ஸ்’, ‘வைல்’ என்று 35 வார்த்தையை உருப்போட்டால் இங்கிலீஷ் வந்துவிடுமா? நம் பிளஸ் டூ பிள்ளைகளே சாட்சி. 2018-ல் பாடத்திட்டம் மாறத் தொடங்கிய பிறகு பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் படிக்கிறார்கள். பல்லுருவாக்கம் என்றால் என்ன, மரபுரிமம் என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்து எழுதுகிறார்கள். புரோகிராமையும் மனப்பாடம் செய்கிற ஒரே தேசம் நாமாகத்தான் இருப்போம்!

நான் சொல்வது வேறு. இங்கிலீஷையே கச்சாப் பொருளாக வைத்து, வாக்கியம் செய்கிற இயந்திரம் ஒன்றைப் பிள்ளையே கட்ட வேண்டும் என்கிறேன்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் படிந்து இறுகுகிறது. அச்சைப் பிரித்தால் பொம்மை. காயவைத்துச் சூளையில் வைக்கிறார்கள். அச்சு சரியாக இருந்தால் நூறு பொம்மையும் சரி. அச்சில் மூக்கு கோணல் என்றால் நூறு பொம்மைக்கும் மூக்கு கோணல். பொம்மை பொம்மையாகத் தேய்த்துச் சரிசெய்வது புத்திசாலித்தனமா, அச்சைத் திருத்துவது புத்திசாலித்தனமா?

நம் இங்கிலீஷ் வகுப்பு பொம்மையைத் தேய்க்கிறது. நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் சிவப்பு மை. அச்சைப் பற்றிப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. புரோகிராம் என்பது அச்சு.

எப்படி என்று பார்ப்போம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று பட்டியல் எழுதுகிறது. முதல் பட்டியல், யார்: ஃபார்மர், டீச்சர், கௌ, டாக், கிராண்ட்மதர். இரண்டாவது, செய்வது: ஈட், டிரிங்க், செல், வாஷ், கேரி. மூன்றாவது, எதை: சுகர்கேன், டீ, மில்க், பாஸ்கெட், புக். ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வரிசையாக வை என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. பத்துப் பதினைந்து வரிதான் புரோகிராம். ஐந்து பெருக்கல் ஐந்து பெருக்கல் ஐந்து, 125 வாக்கியம் தயார்.

‘டாக் டிரிங்க் புக்’ என்று வரும். வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். பத்து வருடத்தில் இங்கிலீஷ் வகுப்பில் பிள்ளைகள் இங்கிலீஷுக்காகச் சிரித்த முதல் நாளாக அது இருக்கும். இதுவரை ஒருவர் தப்பாகச் சொன்னதற்குத்தானே மற்றவர்கள் சிரித்தார்கள்!

சிரித்து முடித்தபின் டீச்சர் கேட்கிறார்: ‘டாக் டிரிங்க்-னு சொல்லலாமா?’ கூடாது, ‘எஸ்’ போட வேண்டும். சரி, செயலுக்குப் பின்னால் ‘எஸ்’ ஒட்டு என்று பிள்ளை ஒரு வரி சேர்க்கிறது. ஈட்ஸ், டிரிங்க்ஸ், செல்ஸ் எல்லாம் சரியாக வருகிறது. வாஷ் மட்டும் உதைக்கிறது. கடைசியில் ‘எஸ்ஹெச்’ வந்தால் ‘இஎஸ்’ போடு என்று இன்னொரு வரி. கேரி உதைக்கிறது. கடைசியில் ‘ஒய்’ வந்தால் அதை எடுத்துவிட்டு ‘ஐஇஎஸ்’ போடு. அப்பாடா! பக்கத்து பெஞ்சுப் பையன் விஷமத்துக்கு ‘ப்ளே’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறான். இயந்திரம் அங்கேயும் ‘ஒய்’யைப் பிடுங்கிவிட்டு அசடு வழிகிறது. ஏன்? ‘ஒய்’க்கு முன்னால் உயிரெழுத்து இருந்தால் விதி வேறு. பிள்ளை அந்த விதியையும் தானே கண்டுபிடித்து எழுதுகிறது.

இதே விதிகள் கிராமர் புத்தகத்தில் ஒரு கட்டத்துக்குள் அச்சாகி இருக்கின்றன. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தானே இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு அது சாகிறவரை மறக்காது.

இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த தத்துவம் என்று நினைக்காதீர்கள். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்பே பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஆசிரியரிடம் கேட்டு வருவது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகி வருவது இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. நம் பிள்ளைகள் முதல் கால் பங்கோடு நிற்கிறார்கள். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இதோ, ஒன்றுமே தெரியாத, சொன்னதை மட்டும் செய்கிற, எத்தனை தடவை சொன்னாலும் சலிக்காத ஒரு மக்கு மாணவன் லேபில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் கம்ப்யூட்டர்.

அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்தார்கள். சீமோர் பேப்பர்ட் என்று ஒருவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்து எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த கணித அறிஞர். 1967-ல் வாலி ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர். 1980-ல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற புத்தகத்தில் ஜென்னி என்ற பதிமூன்று வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். படிப்பில் சுமார். ‘எங்களை ஏன் இதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க, நாங்க புத்திசாலிங்க இல்லையே’ என்கிற ரகம். வருடக்கணக்கில் நௌன், வெர்ப் என்று பாடம் நடத்தியும் அது எதற்கு என்றே அவளுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரைக் கவிதை மாதிரி வாக்கியங்கள் எழுதவைக்க முயன்றபோது, சொற்களை வகை பிரித்து வைத்தால்தான் இயந்திரம் உளறாது என்று அவளுக்குத் தெரிந்தது. நௌன், வெர்ப் எதற்காக இருக்கின்றன என்பதை அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்துக்கொண்டு வந்தாளாம். அது அவள் தாய்மொழி. தாய்மொழிக்காரிக்கே அந்தக் கதி என்றால், நம் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நம் பிள்ளைக்கு ஜென்னியிடம் இல்லாத ஒரு சொத்தும் இருக்கிறது. தமிழ்.

அதே புரோகிராமைத் தமிழிலும் செய்யச் சொல்லுங்கள். விளையாட்டு அப்போதுதான் சூடு பிடிக்கும். ‘விவசாயி கரும்பை விற்கிறார்’. தமிழில் வினை கடைசியில் வருகிறது, இங்கிலீஷில் நடுவில். பட்டியலின் வரிசையை மாற்ற வேண்டும். தமிழில் ‘கீரி பாம்பைக் கொன்றது’ என்றாலும் ‘பாம்பைக் கீரி கொன்றது’ என்றாலும் செத்தது பாம்புதான். ‘ஐ’ என்ற உருபு காப்பாற்றிவிடுகிறது. இங்கிலீஷில் இடத்தை மாற்றினால் கீரி செத்துப்போகும்! இங்கிலீஷுக்கு உயிர் சொல்லின் இடத்தில் இருக்கிறது என்பதை இதைவிட எப்படி விளக்குவது?

இன்னும் கேளுங்கள். தமிழ் இயந்திரத்துக்கு விவசாயி என்றால் விற்கிறார், மாடு என்றால் விற்கிறது, பிள்ளைகள் என்றால் விற்கிறார்கள், நான் என்றால் விற்கிறேன் என்று திணை, பால், எண், இடம் எல்லாம் சொல்லித்தர வேண்டும். இங்கிலீஷுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு ‘எஸ்’ போடுவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. இரண்டையும் கட்டிப் பார்த்த பிள்ளை என்ன சொல்லும் தெரியுமா? ‘அட, தமிழை விட இது சுலபமால்ல இருக்கு!’

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பாடும். நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கஷ்டமாக இருப்பதைவிட அது பெரிய இடத்துச் சமாசாரமாக இருப்பதுதான் பிரச்னை. தப்பாகப் பேசினால் மானம் போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் சிரிக்காது. ‘எந்த ஊர்க்காரன்டா நீ’ என்று கேட்காது. தப்பு என்றால் இன்ன வரியில் தப்பு என்று மட்டும் சொல்லும். அதில் அவமானம் இல்லை. திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

‘எல்லாம் சரி சார், கிராமத்துப் பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக்கொடுக்க டீச்சர் யாரு?’ நியாயமான கேள்வி. கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு வேலை கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறவர்களைக் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தங்களை நியமிக்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, பணியிடம்தான் இல்லை. அவர்கள் வரும்வரை இங்கிலீஷ் டீச்சர் போதும். அவருக்குப் புரோகிராம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சுகதா மித்ராவும் ரிது டங்வாலும் 2010-ல் வெளியிட்ட காளிக்குப்பம் ஆய்வைப் பாருங்கள். கடலோரத்துத் தமிழ்ப் பிள்ளைகள், கையில் இங்கிலீஷில் உள்ள உயிரித் தொழில்நுட்பப் பாடம், ஒரு கம்ப்யூட்டர். தாங்களாகவே ஓரளவு கற்றுக்கொண்டார்கள். அதன்பின், பாடம் எதுவும் தெரியாத, பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒருவர் பின்னால் நின்று பாட்டி மாதிரி ‘அடேயப்பா, இது எப்படிடா?’ என்று கேட்டு உற்சாகப்படுத்தியதும் மதிப்பெண் இன்னும் உயர்ந்தது. எல்லாம் தெரிந்த வாத்தியார்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளையின் கண்டுபிடிப்பைப் பார்த்து ஆச்சரியப்படத் தெரிந்த ஆள் வேண்டும்.

அதற்காக இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் தப்பு. பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ என்று வாரிக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வந்த அறிக்கை, மொழிப் பாடத்திலும் கணக்கிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை என்றால் லேப்டாப்பும் சினிமாப் பெட்டிதான். அதை நாமும் பார்த்தோம்.

‘கரண்ட் இல்லன்னா?’ நாலு காலித் தீப்பெட்டி போதும். ஒவ்வொன்றிலும் சொல் எழுதிய துண்டுச் சீட்டு. குலுக்கி எடுங்கள். ஒரு பிள்ளை கம்ப்யூட்டராக நடிக்கட்டும். மற்றவர்கள் எழுதிய விதியை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் செய்யட்டும். இதுவும் புரோகிராமிங்தான். கரண்ட் வந்ததும் லேபில் அதையே டைப் அடித்தால் ஆயிற்று.

‘ஏ.ஐ. வந்துடுச்சே, இதெல்லாம் இனிமே எதுக்கு?’ இதுதான் இன்றைக்கு எல்லோரும் கேட்கிற கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது செல்போனில் ‘லீவ் லெட்டர் எழுதிக்கொடு’ என்றால் லண்டன்காரன் தோற்றுப்போகிற இங்கிலீஷில் எழுதித் தருகிறது. பிள்ளை பார்த்து எழுதுகிறது. இது புதுசா? பழைய கைடுதான், பேசத் தெரிந்த கைடு! இயந்திரம் பிள்ளைக்காக எழுதினால் இயந்திரம்தான் தேறும். பிள்ளை இயந்திரத்தை எழுதவைத்தால் பிள்ளை தேறும். யாருக்கு யார் வேலை சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம். கட்டளை இடத் தெரிந்தவர் ஒரு வகுப்பு, கட்டளைக்குக் காத்திருப்பவர் இன்னொரு வகுப்பு என்று உலகம் பிரிகிற நேரத்தில், திட்டக்குடிப் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்தப் போகிறோம்?

தமிழ் அன்பர்கள் கோபப்பட வேண்டாம். நான் தமிழ்வழிக்கு எதிரி இல்லை. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகளைத் திறந்தார்களே, அதனால் இங்கிலீஷ் வந்ததா? மீடியத்தை மாற்றினோம், முறையை மாற்றவில்லை. முன்பு தமிழில் புரிந்த அறிவியலும் இப்போது இங்கிலீஷில் புரியாமல் போனதுதான் மிச்சம். தமிழைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கிலீஷுக்குள் நடக்கிற வழியைத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குத் தமிழிலேயே கட்டளை எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மாதிரி இலவச மொழிகளும் இருக்கின்றன. அதில் ஆரம்பிக்கலாம். யார் தடுத்தார்கள்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, கட்டற்ற மென்பொருளை வைத்தே அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வி கொடுத்தார்கள். 2018-ல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளிதோறும் மாணவர் மன்றம் அமைத்தார்கள். இங்கிலீஷ் கற்பதற்கென்றே ‘இ-கியூப்’ என்று மொழி ஆய்வக மென்பொருளையும் கொண்டுவந்தார்கள். லைசென்ஸுக்குப் பத்துப் பைசா கொடுக்க வேண்டாம். நம் லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பைத்தான் இலவசம். செலவே இல்லாத திட்டம் என்பதால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. டெண்டர் விட முடியாதே!

கல்வித் துறையிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை, வாரத்தில் ஒரு இங்கிலீஷ் பீரியடை லேபுக்கு மாற்றுங்கள். இங்கிலீஷ் டீச்சரையும் கம்ப்யூட்டர் தெரிந்தவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுங்கள். அந்தப் பீரியடுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். வைத்தால் அதற்கும் கைடு வந்துவிடும்.

உங்களிடம் கேட்பது ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அதில் நீங்கள் இருக்கலாம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மா இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்: ‘லேப் சாவி யாருகிட்ட இருக்கு? எங்க பிள்ளைங்க கடைசியா எப்ப உள்ள போனாங்க?’

பதில் வரும்வரை உட்காராதீர்கள்.